டிப்பருக்குப் பின்னால் செல்லும் காரைப் பேணும் முறை

முன்னால் போகும் டிப்பர் லாரியிலிருந்து பின்னால் வரும் காருக்குக் கல் மூன்று வழிகளில் வந்து சேர்கிறது. குவித்து ஏற்றிய சுமையின் உச்சியிலிருந்து உருண்டு விழுவது முதல் வழி. பின்கதவின் கொக்கி சரியாக மாட்டாமல், வேகத்தடையில் வண்டி குதிக்கும்போதெல்லாம் சந்து வழியே ஒழுகுவது இரண்டாவது. பின்அச்சில் ஜோடியாக ஓடும் இரண்டு டயர்களுக்கு நடுவே சிக்கி, கிரஷரிலிருந்து சமர்த்தாக உட்கார்ந்து வந்து, மெயின் ரோட்டில் வேகம் பிடித்ததும் கழன்று பறப்பது மூன்றாவது. மூன்றையுமே தடுக்கலாம். சுமையைப் பலகை மட்டத்துக்கு மேல் ஏற்றாமல் இருப்பது, கொக்கியை இழுத்து மாட்டுவது, கிளம்புமுன் இறங்கி ஜாக்கி லிவரால் டயர் சந்தில் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பது, இவ்வளவுதான் வேலை. தற்போது லாரியில் தட்டப்படுவது செல்போன் மட்டுமே.

இந்தப் பொருள் கோவைக்கு அதிகம் பொருந்துவதற்குக் காரணம் இங்குள்ள பாறை. மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் இருந்ததால் 1934இலேயே அங்கே சிமென்ட் ஆலை வந்தது. கிணத்துக்கடவு, சூலூர், காரணம்பேட்டை வட்டாரங்களில் கருங்கல். ஆற்றுமணல் அரிதாகி எம்-சாண்ட் காலம் தொடங்கியபின் கிரஷர்கள் பெருகின. முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி, சிப்ஸ், டஸ்ட் என்று உடைத்துச் சலித்த கல், உள்ளூர்க் கட்டடங்களுக்கும் வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாகக் கேரளத்துக்கும் போகிறது. கணக்கு யூனிட்டில், ஒரு யூனிட் என்பது 100 கன அடி. பில்லில் ஆறு யூனிட் என்று எழுதி ஏற்றிய லோடில் எத்தனை கன அடி கட்டடத்துக்குப் போய்ச் சேர்கிறது, எத்தனை பொள்ளாச்சி ரோட்டிலேயே இலவச விநியோகம் ஆகிறது என்பது ஆய்வுக்குரியது.

சென்ற வாரம் ஒத்தக்கால்மண்டபத்துக்கும் கிணத்துக்கடவுக்கும் நடுவே ஒரு காரின் முன்கண்ணாடியில் முக்கால் ஜல்லி ஒன்று பட்டது. அந்தக் காரும் இதை எழுதுபவரும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்கள் என்பது தற்செயல். இங்கு கூறப்படும் கருத்துகளில் அதன் பாதிப்பு இல்லை.

முக்கால் ஜல்லி என்பது 20 மில்லிமீட்டர் கல். எடை பத்துப் பதினைந்து கிராம் இருக்கும். கையால் எறிந்தால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. ஆனால் டயர் கிளப்பிவிட்ட கல் காற்றில் எழும்பி, வேகம் இழந்து நிற்கும் இடத்துக்கு, கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதுகிறது. வேகம் இரட்டித்தால் மோதலின் வலு நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். ஆக, தாக்குவது கல்லா, காரா என்ற கேள்வி எழுகிறது. லாரி ஓட்டுநரிடம் நியாயம் கேட்கப் போனால் முதலில் எழுவதும் இதே கேள்விதான்: “கல்லு சும்மாதானுங்க கெடந்துச்சு, நீங்க ஏனுங்க அத்தன வேகமா வந்தீங்க?”

முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனடிக்டஸ் இதற்கு 1909இல் காப்புரிமை பெற்றார். கல் பட்டால் வெளித்தகட்டில் மட்டும் மிளகளவு குழி விழும். சுற்றிலும் வெள்ளையாக ஒரு வளையம். அந்த நிலையில் கடைக்காரர் ஊசியால் பிசின் ஏற்றி அடைத்துவிடுவார். கார்க்காரர் அன்றைக்கே போக மாட்டார். “சின்னதாத்தானே இருக்கு” என்று விரல் நகத்தால் தடவிப் பார்ப்பார். வீட்டில் உள்ளவர்களையும் தடவிப் பார்க்கச் சொல்வார். பிறகு சித்திரை வெயிலில் நின்ற காரில் ஏறி ஏசியை முழு வேகத்தில் வைப்பார். வெளியே கொதிப்பு, உள்ளே குளிர். வளையத்திலிருந்து ஒரு மெல்லிய கால் முளைத்து, உக்கடம் தாண்டுவதற்குள் கண்ணாடியின் மறு ஓரத்தைத் தொட்டுவிடும்.

பாதுகாப்பு முறைகளுக்குப் போகுமுன், சாலையில் விழும் பொருள்களின் வகைகளை அறிய வேண்டும். கொங்கு நாட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் காரின் மேல் விழுவதை வைத்தே எந்தச் சாலை என்று சொல்லிவிடலாம்.

பொள்ளாச்சி வகை: தேங்காய் மட்டை, நார், நார்த்தூள். மட்டை லாரி சாலையின் முழு அகலத்துக்கும் புடைத்துக்கொண்டு போகும். அதன் பின்விளக்கைப் பார்த்தவர் யாரும் இல்லை. மட்டை விழுந்தால் பம்பர் நசுங்கும். நார்த்தூள் அப்படியல்ல, மென்மையாக வந்து கண்ணாடியில் அமரும். வைப்பரைப் போட்டுத் தண்ணீர் பீய்ச்சினால் குழைந்து மெழுகிவிடும். அதன்பின் சாலை தெரியாது.

பல்லடம் வகை: கறிக்கோழி இறகு. சேதம் எதுவும் இல்லை. ஆனால் ஏசிக்குக் காற்று இழுக்கும் துவாரத்தில் ஓர் இறகு நுழைந்துவிட்டால், அடுத்த சர்வீஸ்வரை காருக்குள் ஞாயிற்றுக்கிழமைதான்.

திருப்பூர் வகை: பனியன் கட்டிங் வேஸ்ட். மூட்டை பிரிந்தால் கைப்பகுதிகளும் கழுத்துப் பட்டிகளும் வரிசையாகப் பறந்து வரும். இது ஒன்றுதான் பயனுள்ள வகை. கார் துடைக்க ஆகும்.

சத்தி வகை: ஆப்பக்கூடல், ஆலத்துக்கொம்பை சர்க்கரை ஆலைகளுக்குப் போகும் கரும்பு. டிராக்டருக்கு விளக்கு இருக்கும், டிரெய்லருக்கு இருக்காது. கரும்பு கீழே விழுவது குறைவு. பின்னால் பைக்கில் வரும் பையன்கள் உருவுவதே அதிகம். உருவிய வேகத்தில் கூடவே வரும் நான்கு கழிகள் காருக்கு.

திருச்செங்கோடு வகை: போர்வெல் ரிக். எப்போதும் இரண்டு லாரிகளாகப் போகும். ஒன்றில் இயந்திரம், இன்னொன்றில் பைப். இந்தியாவின் பல மாநிலங்களில் நிலத்தைத் துளைத்துவிட்டு வரும் இந்த வண்டிகளின் டயரில், கடைசியாகத் துளைத்த தோட்டத்தின் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். அந்தக் கட்டி பானெட்டில் விழுந்து சிதறுவதைக் கேட்டவர், ஆயிரம் அடியிலும் தண்ணீர் வராத தோட்டக்காரரின் மனநிலையை ஓரளவு உணர்வார்.

உடுமலை வகை: காற்றாலை இறக்கை. இதிலிருந்து எதுவும் விழுவதில்லை. ரவுண்டானாவில் அந்த டிரெய்லர் திரும்பி முடிக்கும்வரை நின்றவர்களின் நிர்ப்பந்தத்தால் இப்பட்டியலில் சேர்க்கப்படுகிறது.

நாமக்கல் வகை: முட்டை. இதிலிருந்தும் எதுவும் விழுவதில்லை. இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். அடுக்கடுக்காக அட்டைகளில் ஏற்றிய முட்டை, அதே குழிகளில் இறங்கி, அதே வேகத்தடைகளில் ஏறி, அதே சாலையில் கேரளம் போகிறது. கயிறு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஓட்டுநர் வளைவில் நிதானிக்கிறார். எந்தக் காரின் கண்ணாடியிலும் முட்டை வழிந்ததாகப் புகார் இல்லை. ஆக, லாரியில் ஏற்றியதைச் சிந்தாமல் கொண்டுபோகும் கலை கொங்கு நாட்டில் அழிந்துவிடவில்லை. முட்டை உடைந்தால் யாருடைய பணம் போகும் என்பது ஓட்டுநருக்குத் தெரியும். ஜல்லி விழுந்தால் யாருடைய பணம் போகும் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

இனிப் பாதுகாப்பு முறைகள். புதுக் கார் ஷோரூமிலிருந்து நேரே ஈச்சனாரி விநாயகர் கோயிலுக்குப் போகிறது. மாலை, சந்தனம், நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம், முன்னால் கருப்புக் கயிறு. கோயில் பொள்ளாச்சி ரோட்டிலேயே இருப்பதால், வாசலை விட்டு வெளியே வந்ததும் முதல் டிப்பர் கிடைத்துவிடும். அடுத்தது ஒட்டுப்படலம். காரின் பெயின்ட்டைக் காக்கும் பாலியூரித்தேன் படலம் நல்ல பொருள்தான். சிறு கல்லைத் தாங்கும். முழுக் காருக்கும் ஒட்டினால் செலவு லட்சத்தைத் தொடும். அந்த லட்சத்தில் முன்கண்ணாடி சேராது. செராமிக் கோட்டிங் கல்லுக்கு உதவாது. மழைத்துளி உருண்டோடுவதை நின்று பார்க்க உதவும். முன்னால் இரும்புக் கம்பி பொருத்தும் வழக்கத்தை மத்திய அரசு 2017 டிசம்பரில் தடுத்துவிட்டது. மோதலின் விசையைக் கம்பி நேராகச் சட்டத்துக்குக் கடத்துவதால் ஏர்பேக் வேலை செய்யாமல் போகலாம் என்பதும், நடந்து போகிறவருக்கு ஆபத்து என்பதும் காரணங்கள். இவை அனைத்தையும் செய்த அதே கார்க்காரர், சீட்டின் பிளாஸ்டிக் உறையை மூன்று வருடமாகக் கழற்றாத அதே கார்க்காரர், டிப்பரின் “மருதமலை முருகன் துணை” என்ற எழுத்தில் ஒற்றுப்பிழை தேடும் தூரத்தில் ஓட்டிக்கொண்டு போவார்.

இடைவெளி விட்டால் என்ன என்று கேட்கலாம். மூன்று விநாடி இடைவெளி என்பது பொதுவான அறிவுரை. 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 67 மீட்டர். நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸில் 67 மீட்டர் காலியாக இருந்தால் அது இடைவெளி அல்ல, புறம்போக்கு. ஒரு மினி பஸ் வந்து அமரும். அதற்குப் பின்னால் மீண்டும் 67 மீட்டர் விட்டால், புல்லுக்கட்டு ஏற்றிய டிவிஎஸ் எக்ஸெல் ஒன்று. இப்படியே முறையாக இடைவெளி விட்டுக்கொண்டே போனவர் கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வார்.

அமெரிக்காவில் இதற்கு முறையான தீர்வுகள் உண்டு. அங்கே ஓய்வுபெற்ற தம்பதியர் பஸ் அளவு வீட்டு வண்டியில் நாடு சுற்றுகிறார்கள். போய் இறங்கிய ஊரில் கறிகாய் வாங்கப் பஸ்ஸை எடுக்க முடியாது என்பதால், சொந்தக் கார் ஒன்றை இரும்புச் சட்டத்தால் பின்னால் கோத்து இழுத்துப் போகிறார்கள். நம்மூரில் கேரவன் என்றால் பொள்ளாச்சிப் பக்கம் படப்பிடிப்பில் மரத்தடியில் நிற்கும் வண்டி. பின்னால் கார் கட்டும் பழக்கம் கிடையாது. கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவை அறிவித்தபோதும் அது வரவில்லை. அமெரிக்கர்களின் பெரிய வண்டி கிளப்பும் கல் அவர்களுடைய சொந்தக் காரிலேயே விழுவதால் அக்கறை அதிகம். வண்டியின் அடியில் முழு அகலத்துக்கும் ரப்பர் திரையோ தூரிகைத் திரையோ தொங்கவிடுகிறார்கள். இழுக்கும் சட்டத்தின் மேல் கேடயம்போல ஒரு தடுப்பை நிறுத்துகிறார்கள். காரின் மூக்குக்குத் துணி முகமூடி போடுகிறார்கள். குறைகளும் உண்டு. துணிக்குள் புகுந்த தூசி, காற்றில் துணி அடித்துக்கொள்ளும்போது பெயின்ட்டைத் தேய்த்துவிடும். எஞ்சின் பின்னால் இருக்கும் வண்டியில் திரை காற்றோட்டத்தை மறித்தால் எஞ்சின் சூடேறும்.

இதிலிருந்து கொங்கு நாட்டுக்குப் பெறத்தக்க பாடம் ரப்பர் திரை அல்ல. இழுக்கும் வண்டியும் காரும் ஒரே ஆளுடையவை என்பதே அங்கே வேலை செய்யும் பொருள். எனவே ஒவ்வொரு டிப்பருக்கும் பின்னால் அந்த டிப்பர் முதலாளியின் காரைக் கட்டி இழுத்துப் போக வேண்டும் என்று விதி செய்யலாம். நம் பகுதியில் அது அநேகமாக வெள்ளை ஃபார்ச்சூனராக இருக்கும். பழுதான வண்டியைக் கட்டி இழுக்கும்போது நடுவே 5 மீட்டருக்கு மேல் இடம் விடக்கூடாது என்றும், இழுக்கப்படும் வண்டியின் ஸ்டியரிங்கில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் ஏற்கெனவே விதி இருக்கிறது. அந்த ஆசனத்தில் முதலாளியே அமரலாம். வாளையார் போய்த் திரும்பினால் போதும். மறுநாளே கோவை மாவட்டத்தின் எல்லா டிப்பர்களும் முட்டை லாரியாகிவிடும்.

அந்த விதி வரும்வரை இன்சூரன்ஸ் உண்டு. வழக்கமான முழு பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் உதிரிகளுக்குப் பாதி விலையைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது. 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. இழப்பீடு கேட்டு வாங்கினால், 20 முதல் 50 சதவீதம்வரை சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடும், அதற்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்தால் ஒழிய. கண்ணாடிக் கடைக்காரர் இதையெல்லாம் கால்குலேட்டரில் போட்டுக் காட்டிவிட்டு, “கைக்காசிலயே மாத்திக்கங்ண்ணா” என்று முடிப்பார். பெரும்பாலும் அவர் கணக்கு சரியாகவே இருக்கும்.

கல்லை முற்றிலும் தவிர்த்த கார்களும் கோவையில் உண்டு. அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடுவின் பெயரால் நடக்கும் கார் அருங்காட்சியகத்தில் அவை நிற்கின்றன. ஒன்றின் கண்ணாடியிலும் கீறல் இல்லை. ஓடும் கார்களுக்கு அந்த வசதி இல்லாததால் டிப்பர் ஓட்டுநர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேபினுக்கு மேலே சுருட்டிக் கட்டி வைத்திருக்கிறீர்களே, அந்தத் தார்ப்பாய், அதைச் செக்போஸ்ட் தெரிந்த பிறகு விரிக்காமல், கிரஷர் கேட்டிலேயே இறங்கி விரித்துக் கட்டுங்கள். இறங்கினது இறங்கினீர்கள், டயர் சந்திலும் ஒரு தட்டுத் தட்டிவிடுங்கள்.