மாண்புமிகு வண்டு

2017 டிசம்பரில் இலங்கை அரசின் கொள்கையையே மாற்றிக் காட்டியவருக்குக் கொழும்பில் இன்னும் சிலை வைக்கவில்லை. நன்றி கெட்ட ஊர். அவர் பெயர் கப்ரா வண்டு. நீளம் மூன்று மில்லிமீட்டருக்குள். தானிய மூட்டைகளைத் தின்றே வளர்ந்த குலம். இருந்தும் ரஷ்யாவுக்குப் போன தேயிலைச் சரக்கில் தரிசனம் தந்தார். மாஸ்கோ பதறிப்போய், டிசம்பர் 18 முதல் இலங்கைத் தேயிலைக்குத் தடை விதித்தது.

2018 ஜனவரி 1 முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை நிறுத்தப்போவதாக இலங்கை ஏற்கெனவே அறிவித்திருந்தது. அந்தச் சரக்கில் பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து வருவது. தற்செயல்தான்! சந்தேகப்படுகிறவர்கள் நட்பு நாட்டின் மனதைப் புண்படுத்துகிறார்கள்.

கொழும்பு அமைச்சரவை அவசரமாக அஸ்பெஸ்டஸ் தடையைத் தள்ளிவைத்தது. மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடையும் பறந்தது. மருந்தடித்து வண்டைக் கொல்வது பழைய முறை; அமைச்சரவைத் தீர்மானம் அடித்துக் கொல்வது நம் கண்டுபிடிப்பு. வர்த்தகப் பேச்சுவார்த்தைகளில் வாய் ஓயாமல் சொல்லும் புத்தாக்கம் இதுதான் போலும்.

எல்லாம் ஏழைத் தோட்டத் தொழிலாளிக்காகத்தானாம். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு மலையகத்துப் பெண்கள் தெருவில் நின்று கத்தியபோது கேட்காத காதுகள் அவை. வண்டு முனகியதும் கேட்டுவிட்டது.

அஸ்பெஸ்டஸில் எந்த வகையும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரான்ஸ் அதைத் தடை செய்தபோது கனடா வழக்குப் போட்டது; 2001இல் உலக வர்த்தக நிறுவனம் பிரான்ஸ் பக்கமே தீர்ப்புச் சொன்னது. உயிரைக் காக்கத் தடை போட எல்லா நாட்டுக்கும் உரிமை உண்டு. பிரான்ஸ் அதைப் பயன்படுத்தலாம். தேயிலை விற்றுப் பிழைக்கும் நாடு எடுத்து வாசித்துப் பார்க்கலாம்.

கூரை போடுகிறவர் அஸ்பெஸ்டஸ் தகட்டில் துளை போடும்போது புருவமெல்லாம் வெண்தூள். சாரத்தை உதறிவிட்டு, அதே கையால் பிள்ளையைத் தூக்குவார். உள்ளே போன இழைக்கு அவசரமே இல்லை; இருபது, முப்பது, நாற்பது வருடம்கூடக் காத்திருக்கும். வண்டைப் போல வெளியே தலைகாட்டி எல்லையில் மாட்டிக்கொள்ளாது.

துறைமுக அதிகாரிகளுக்கு ஒரு யோசனை. அடுத்த அஸ்பெஸ்டஸ் மூட்டைகளை நன்றாக உதறிப் பாருங்கள். ஒரு கப்ரா வண்டு கிடைத்தால் சரக்கை அன்றே திருப்பி அனுப்பலாம். சட்டம் இடம் தருகிறது. வெறும் புற்றுநோய் மட்டும் இருந்தால், முத்திரை குத்தி உள்ளே விடுங்கள்.