பல்குச்சியில் வசந்தம்

சனிக்கிழமை எனக்கு மாம்பழம் கொடுத்தார்கள். இரண்டு துண்டு. ஒவ்வொன்றும் கேரம் காய் அளவு. மேலே பல்குத்தும் குச்சி செருகியிருந்தது. எடுத்துக்கொண்டு நகரச் சொன்னார்கள், பின்னால் வரிசை நின்றதால். இன்று செவ்வாய்க்கிழமை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பழம் நறுக்கிய மேசைக்கு அடியில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி இருந்தது. வாளி நிறையக் கொட்டைகள். சதை ஒட்டிய கொட்டைகள். அதைப் பார்த்த பிறகு நான் என்ன செய்தேன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பின்னணி தெரியாமல் கேட்டால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். அதனால் முதலில் அது.

நானும் என் வீட்டுக்காரம்மாவும் இருப்பது கோவைக்கு வெளியே ஒரு சீனியர் லிவிங் குடியிருப்பில். 'முதியோர் இல்லம்' என்று சொன்னால் நிர்வாகத்துக்கு முகம் சுருங்கும். பையன் அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பி வாங்கியதில்லை. வங்கியில் 36 வருஷம் குப்பை கொட்டிச் சேர்த்த என் சொந்தப் பணம். இதை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுவேன். மூன்று வேளையும் சாப்பாடு, கூப்பிட்ட நேரத்துக்கு பிளம்பர், ராத்திரி நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ், எல்லாம் உண்டு. குறை சொல்ல எதுவும் இல்லை. இனி குறைகளுக்கு வருகிறேன்.

ஏப்ரல் நடுவில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். 'வசந்த கால நல்வாழ்வுத் திட்டம்.' ஓரத்தில் இங்கிலாந்தில் பூக்கிற ஏதோ மஞ்சள் பூவின் படம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. "இந்த ஊரில் வசந்தமாவது, வாந்தியாவது" என்று சண்டை போட ஆபீஸ் வரைக்கும் போனேன். பாதி வழியில் பள்ளிக்கூடப் பாடம் ஞாபகம் வந்து தொலைத்தது. ஆறு பருவங்களில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். நாள் தவறாமல் சரியாகத்தான் ஒட்டியிருக்கிறார்கள். எதிராளி சரியாக இருக்கும்போது வருகிற எரிச்சலுக்கு மருந்தே கிடையாது. திரும்பி வந்தேன். கேட் ஓரத்துச் சரக்கொன்றை யாருடைய திட்டத்திலும் சேராமல் அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருந்தது.

திட்டம் என்றால் லேசுப்பட்ட திட்டமில்லை. காலை 6 மணிக்கு நாற்காலி யோகா. ஆறே முக்காலுக்குச் சிரிப்பு யோகா. 1995-ல் மதன் கட்டாரியா என்ற டாக்டர் மும்பையில் ஒரு பூங்காவில் ஐந்து பேரை வைத்து ஆரம்பித்தது இது. முதலில் ஜோக் சொல்லித்தான் சிரித்தார்களாம். ரெண்டு வாரத்தில் ஜோக்கெல்லாம் தீர்ந்துபோக, ஜோக் இல்லாமலே சிரிப்பது என்று முடிவெடுத்தார்களாம். எங்கள் இடத்தில் அந்த முதல் ரெண்டு வாரத்தையும் மிச்சம் பிடித்துவிட்டார்கள். அப்புறம் பத்தாயிரம் அடிப் போட்டி. அந்தப் பத்தாயிரம் வந்த கதை தெரியுமா? 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவி விற்றது. அதற்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று அர்த்தம் வரும்படி பேர் வைத்தது. கடைக்காரன் வைத்த பேருக்காக என் முழங்கால் தேய்கிறது.

யோகா சொல்லித் தருகிற பெண் நல்ல பெண். எல்லாவற்றையும் 'நாம' போட்டுத்தான் பேசும். "அங்கிள், நாம இப்ப வலது கையை மேல தூக்கலாமா? சூப்பர்!" என்னை 36 வருஷத்தில் ஒரு மேலதிகாரியும் சூப்பர் என்று சொன்னதில்லை. இப்போது கையைத் தூக்கினால் கிடைக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காருவதற்கு ஒரு சோதனை உண்டு. 12 விநாடிக்கு மேல் ஆனால் கீழே விழ வாய்ப்புள்ளவர் என்று குறித்துக்கொள்வார்கள். எனக்கு 11 விநாடி. அன்று ராத்திரி சாப்பாட்டுக் கூடத்தில் நாலு மேசைக்குப் போய் இதைச் சொன்னேன். ஐந்தாவது மேசைக்குப் போகும்போது கால் தடுக்கியது, அது தரை வழுக்கல்.

சித்திரை ஒன்றாம் தேதி வேப்பம்பூப் பச்சடி போட்டார்கள். வெல்லம் இல்லாமல். வேப்பம்பூ இருந்தது, மாங்காய் இருந்தது, உப்பு, மிளகாய் இருந்தது. வாழ்க்கையில் அறுசுவையும் உண்டு என்று காட்டுவதற்காகச் செய்கிற பண்டம் அது. 2020 மார்ச்சில் ரயில்வே எங்கள் டிக்கெட் சலுகையை எடுத்தது, பொறுத்துக்கொண்டோம். இப்போது சுவையிலும் ஒன்றை எடுத்துவிட்டார்கள்.

ஏன் எடுத்தார்கள் என்றால், காரணம் நாங்கள்தான். வேறு யாரையும் சொல்வதற்கில்லை.

இங்கே யாரும் யாரையும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. "எவ்வளவு?" என்பார்கள். என்ன எவ்வளவு என்று நீங்களும் கேட்கமாட்டீர்கள். ஒற்றை விரலைப் பார்த்தபடி "நூத்திப் பத்து" என்பீர்கள். எதிரே நிற்பவர் "ஃபாஸ்டிங்கா?" என்பார். ஆமாம் என்றால் உதட்டைப் பிதுக்குவார். சாப்பாட்டுக்கு அப்புறம் என்றால் அவர் முகத்தில் ஒரு வாட்டம். அப்புறம் அன்று பூராவும் உங்களோடு பேச்சு சுருக்கமாகத்தான் இருக்கும்.

வெறும் வயிற்றுச் சர்க்கரைக் கணக்கை இப்போது ஒருவரும் மதிப்பதில்லை. அது மளிகைக்கடைச் சிட்டை மாதிரி, இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. முதல்நாள் ராத்திரி ரெண்டு இட்லியோடு நிறுத்தினால் எவனும் 98 காட்டலாம். மதிப்பெல்லாம் ஏஒன்சிக்குத்தான், மூன்று மாசச் சர்க்கரையின் சராசரிக் கணக்கு அது. 5.7-க்குக் கீழே இருப்பவர்கள் எங்கள் இடத்தில் மூன்று பேர். ஜமீன்தார் நடை நடப்பார்கள். அதில் ஒருவர் கல்யாண வீட்டில் ஜாங்கிரியை எடுத்து, எல்லோரும் பார்த்த பிறகு, பாதியை வைத்துவிடுவார். முடியாமல் வைப்பதில்லை. முடியும், ஆனால் வேண்டாம் என்று காட்டுவதற்காக. 5.7-க்கும் 6.5-க்கும் நடுவில் இருப்பவர்கள் திரிசங்கு. "எனக்குச் சுகர் இல்ல, பார்டர்தான்" என்று 12 வருஷமாகப் பார்டரிலேயே நிற்கிறவரைத் தெரியும். எல்லைப் பாதுகாப்புப் படையில்கூட இவ்வளவு நாள் ஒரே இடத்தில் போடமாட்டார்கள். அதற்கு மேலே 7 வரைக்கும் நடுத்தர வர்க்கம், நான் உட்பட. 8-க்கு மேலே இருப்பவர்கள் கேள்வி கேட்டால் காது கேட்காத மாதிரி போய்விடுவார்கள்.

இந்த ஏஒன்சியில் என்ன தகராறு என்றால், அதை ஏமாற்ற முடியாது. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடுகிற சர்க்கரை அதன்மேல் ஒட்டிக்கொண்டே வரும். சோதனைக்கு முதல்நாள் நீங்கள் நல்லவராக இருந்து பிரயோஜனமில்லை. மூன்று மாசத்துக்கு முன்னால் மைத்துனன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் யாருக்கும் தெரியாமல் போட்ட ரெண்டாவது மைசூர்பாகையும் அது எழுதி வைத்திருக்கும். சித்ரகுப்தனாவது செத்த பிறகுதான் கணக்கை எடுத்துக் காட்டுவான்.

வங்கிக்காரனால் ஒரு கணக்கைச் சும்மா விட முடியுமா? பி-பிளாக்கில் ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் இருக்கிறார். இரண்டு பேரும் உட்கார்ந்து போட்டோம். மாம்பழ சீசன் ஏப்ரலில் ஆரம்பம், நீலம் வந்து முடிய ஜூலை. ஜூலைக் கடைசியில் பிறக்கிற சிவப்பணு நவம்பர் கடைசியில்தான் சாகும். ஆக, மார்ச்சில் ஒரு சோதனை, அதற்கப்புறம் டிசம்பரில் ஒரு சோதனை. நடுவில் எவன் கூப்பிட்டாலும் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வது. எஞ்சினியர் கிராஃப் தாளில் வளைகோடு போட்டு, மாம்பழக் காலத்துக்கு மஞ்சள் பென்சில்கூட அடித்தார். ஒரு வாரம் நாங்கள் ரெண்டு பேரும் வாலிபர்கள் மாதிரி திரிந்தோம். அப்புறம் அவருடைய மருமகள் போனில் ஒரு விஷயம் சொன்னாள், அவள் டாக்டர். அந்த எண்ணில் ஏறக்குறைய பாதி, கடைசி ஒரு மாசத்துக் கணக்குத்தானாம். பழசுக்கு எடை கம்மியாம். அப்படியானால் சீசன் முடிந்து டிசம்பர் வரைக்கும் ஒளிந்திருக்கவே வேண்டாம், செப்டம்பரிலேயே போகலாம். மறுபடி கிராஃப். இந்தத் தடவை அவர் பையன் அனுப்பிய லேப்டாப்பில். அதற்குள் நிர்வாகம் சோதனையை மே மாசம் 20-ஆம் தேதி என்று போட்டுவிட்டது. நட்ட நடு சீசன். வசந்த கால நல்வாழ்வுத் திட்டத்தின் ஏழாவது அம்சம் அது. விதி என்று ஒன்று இல்லை என்கிறவர்கள் எங்கள் அறிவிப்புப் பலகையை வந்து பார்க்கட்டும்.

இன்னும் விரலில் ஊசி குத்துகிற கருவியைப் பற்றி நான் பேசவேயில்லை. ஸ்ட்ரிப் டப்பாவைக் கடன் கேட்பவர்கள், விரலை மாற்றி மாற்றிக் குத்தி எது குறைவோ அதை எழுதிக்கொள்பவர்கள், துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் "கடைசியா அவருக்கு எவ்வளவு இருந்தது?" என்று கேட்ட என்னைப் போன்றவர்கள். ஆமாம், கேட்டேன். அந்தம்மாவும் "எட்டுக்குக் கீழதாங்க வச்சிருந்தார்" என்று அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னார்கள். அந்தப் பெருமையை யார் குறை சொல்வது?

சரி, சனிக்கிழமை.

'மாம்பழத் திருநாள்' என்று பேர். கூடத்தில் மாவிலைத் தோரணம். மாம்பழம் வரையும் போட்டி. மாம்பழத்தைப் பற்றி உணவியல் பெண்ணின் பேச்சு: நூறு கிராமில் சுமார் 14 கிராம் சர்க்கரை. அப்புறம் கண்ணைக் கட்டிவிட்டு மோந்து பார்த்து ரகம் சொல்லும் போட்டி. சாப்பிடுவதைத் தவிர ஒரு மாம்பழத்தை என்னவெல்லாம் செய்யலாமோ எல்லாவற்றையும் செய்தார்கள்.

நான் சேலத்துக்காரன். எங்கள் வீட்டுப் பரணில் வைக்கோலுக்குள் மல்கோவா பழுக்கும். பழுத்ததை யாரும் மேலே ஏறிப் பார்க்க வேண்டியதில்லை, வாசல் தாண்டும்போதே வாசனை சொல்லிவிடும். குண்டுப் பழம், ஒரு கையில் அடங்காது. அப்பா அரிவாள்மணையில் இரண்டு பக்கக் கதுப்பையும் எடுத்துப் பெரியவர்களுக்குக் கொடுப்பார். கொட்டை எனக்கு. முற்றத்தில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்து சூப்புவேன். சாறு முழங்கை வரைக்கும் வழியும், முழங்கையை நக்க முடியாது என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன்.  கொட்டை வெள்ளையாகிற வரை விடமாட்டேன்.

அப்படிப்பட்டவனுக்குக் கண்ணைக் கட்டி மூக்கருகே ஒரு பழத்தை நீட்டினார்கள். வாசனையே இல்லை. "இதைப் பழம்னு யாரு சொன்னது?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், யோகாவில் சிரிப்பதைவிட நன்றாகவே. கட்டை அவிழ்த்தால், கிளிமூக்கு. கிருஷ்ணகிரிப் பக்கம் கூழ் ஃபேக்டரிக்கு லாரி லாரியாகப் போகுமே, அது. உப்பு மிளகாய்த்தூள் போட்டுக் காயாகத் தின்ன அதை அடிக்க ஆள் கிடையாது, மறுக்கவில்லை. ஆனால் திருநாள் கொண்டாடுகிற பழமா அது?

"மத்த ரகத்தைவிட இதுல இனிப்புக் கம்மி அங்கிள், அதான் நாம இதையே செலக்ட் பண்ணினோம்" என்றது யோகாப் பெண்.

நாம.

இரண்டு துண்டு வாங்கிக்கொண்டேன். தின்றேன். குச்சியைக் குப்பைத் தொட்டியில் போடக் குனிந்தபோதுதான் அந்த நீல வாளி கண்ணில் பட்டது. சுற்றுமுற்றும் பார்த்தேன். எஞ்சினியரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரம்மா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஏங்க, அதை எழுதப் போறீங்களா? நாளைக்கு நான் டைனிங் ஹாலுக்குப் போக வேணாமா?" என்கிறாள். அவளுக்கு ஏஒன்சி 6.1, என்னைவிட மரியாதை உள்ள இடத்தில் இருப்பவள். அதனால் இத்தோடு விடுகிறேன். தவிர 5 மணிக்கு தம்போலா. வராவிட்டால் அறைக் கதவைத் தட்டி "நாம ஏன் இன்னிக்கு டல்லா இருக்கோம்?" என்று கேட்பார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். மே மாசம் பிறந்துவிட்டால் திருச்சிப் பக்கம் இமாம்பசந்த் வந்துவிடும், சேலத்தில் மல்கோவா இறங்கும். அந்தப் பக்கமிருந்து யாராவது கோவைக்கு வருவதாக இருந்தால் மறக்காமல் இந்தக் கிழவனைப் பார்த்துவிட்டுப் போங்கள். 20-ஆம் தேதிக்கு அப்புறம் வந்தால் விசேஷம். கேட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். மேலாக நாலு பாகற்காய் போட்டுக்கொண்டு வாருங்கள்.