மூன்றாமவர் கோட்பாடு: அட்டைக்கடியும் மலையேறும் நண்பர் குழுவின் வரிசை ஒழுங்கும்

தலவாக்கலையைத் தாண்டி நானுஓயாவை நோக்கி ஏறும் கோச்சி, கிரேட் வெஸ்டர்ன் என்ற சிறு ஸ்டேசனில் நிற்கும். அங்கே இறங்குவோர் இரு வகையினர்: தோட்டத்து ஆட்கள், மலையேற வந்த நண்பர் குழுக்கள். முதல் வகையினரைப் பற்றி நூல்கள் உண்டு. இரண்டாம் வகையினர் ஒற்றையடிப் பாதையில் யார் பின்னால் யார் நடக்கிறார்கள் என்பதை அறிஞர் உலகம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அக்குறையைத் தீர்க்க முயல்கிறது இக்கட்டுரை.

ஆய்வுக் களம், 2200 மீட்டருக்கு மேல் நிற்கும் கிரேட் வெஸ்டர்ன் மலை. கீழே தேயிலை, மேலே காடு. தேயிலை முடியும் இடத்தில் பாதை ஓராள் அகலத்துக்குச் சுருங்கும். அதுவரை தோளில் கைபோட்டு வந்தவர்கள் திடீரென்று ஒருவருக்கொருவர் மரியாதை கொடுக்கத் தொடங்குவார்கள். “நீ முன்னால போ மச்சான்.” “பரவாயில்ல, நீயே போ.” இம்மரியாதையின் ஊற்றுக்கண் அட்டை.

கோட்பாடு இதுதான். முதல் ஆளின் காலடி அதிர்வில் அட்டை விழிக்கிறது. இரண்டாம் ஆளின் மூச்சுக் காற்றில் திசை பார்க்கிறது. மூன்றாம் ஆள்மேல் ஏறுகிறது. நம் காட்டு அட்டைக்கு அறிவியலார் வைத்த பெயர் ஹெமாடிப்ஸா செய்லானிகா. நாட்டின் பெயரையே சுமக்கும் இப்பிராணிக்கு ஐந்து சோடிக் கண்களும் மூன்று தாடைகளும் உண்டு. நிலத்தின் அதிர்வையும் மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவையும் அது உணரும். இவ்வளவு கருவிகள் இருந்தும் அது முதல் ஆளைத் தவறவிடுவதைத் தாமதம் என்பதா, தலைமைக்குக் காட்டும் பணிவு என்பதா? நான் இரண்டாவதன் பக்கம்.

முன்னோர் ஆய்வுகளில் முதன்மையானது இப்னு பதூதாவினுடையது. 1344இல் சிவனொளிபாதமலை ஏறிய அவர், ஆட்கள்மேல் தாவும் அட்டையையும், அதன்மேல் எலுமிச்சை பிழியும் வழக்கத்தையும் எழுதி வைத்தார். அலட்சியமாக இருந்து இரத்தம் இழந்து மாண்ட பாபா குசி என்ற யாத்திரிகரையும் குறிப்பிடுகிறார். குசி வரிசையில் எத்தனையாவது ஆள் என்று மட்டும் பதூதா சொல்லவில்லை. மூன்றாவது என்பதே என் துணிபு. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த றொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த நூலில், எலுமிச்சையையும் உப்பையும் துணியில் முடிந்து கோலில் கட்டிக் காலில் தட்டிக்கொண்டே நடப்பார்கள் என்கிறார். மூன்று நூற்றாண்டுகளில் மருந்து மாறவில்லை. இன்று அதனுடன் சவுக்காரமும் சித்தாலேபவும் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவே.

இனி விளைவுகள். மூன்றாமிடத்தின் ஆபத்தை உணர்ந்தவர் சப்பாத்து லேஸ் கட்டும் சாக்கில் குந்துவார். நான்காமவர் தாண்டிப்போய் மூன்றாமவராவார். சிறிது தூரத்தில் அவருடைய லேஸும் அவிழும். ஆறு பேர் குழுவில் இது சுழன்றுகொண்டே இருக்கும். குந்துகிறவர்மேல் அட்டை ஏறும் வேகம், நடக்கிறவர்மேல் ஏறுவதைவிட அதிகம் என்பது தனிக் கிளை ஆய்வுக்குரியது. இந்த லேஸ் தாமதத்தால், விடியற்காலை புறப்பட்ட குழு உச்சியைத் தொடும்போது மூடுபனி வந்துவிடும். வானம் தெளிந்தால் சிவனொளிபாதமலை தெரியும் இடத்தில், வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நுவரெலியா மலையேற்றப் படங்கள் பலவும் ஸ்டூடியோவில் எடுத்தவைபோல் இருப்பதற்குக் காரணம் பருவநிலை அல்ல, லேஸ்.

இவ்வளவையும் தேயிலை ஓரத்தில் நின்று நாங்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோது, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் தலை நிமிராமலே சொன்னார்: “நின்னுகிட்டுப் பேசாதீங்க தம்பி, நடங்க. நின்னாத்தான் ஏறும்.” இடுப்பில் படங்கு, காலில் சவுக்காரம். பேச்சின் நடுவே முழங்காலில் இருந்த ஒன்றை நகத்தால் நெம்பிச் சுண்டிவிட்டார். கை கொழுந்துக்குத் திரும்பிவிட்டது. 1867இல் லூல்கந்துரவில் தோட்டத் தேயிலை தொடங்கிய காலந்தொட்டு, இம்மலைகளில் அட்டைக்கு நாள்தோறும் இரத்தம் கொடுத்தவர்கள் இவர்களே. அட்டையைப் பற்றி எழுதிப் புகழ் வாங்கியவர்களோ பதூதா முதலான வழிப்போக்கர்கள். துறையின் இந்தக் குறையை இக்கட்டுரையும் சரிசெய்யவில்லை.

வரிசையின் கடைசி ஆளுக்கே பாதுகாப்பு என்பாரும் உளர். அவர்கள் களத்துக்கு வராதவர்கள். கடைசி ஆள் எப்படியும் பின்தங்குவார். கூப்பிட்டால் குரல் வராது. அவரைக் கூட்டிவர இருவர் கீழே இறங்குவார்கள். திரும்ப ஏறும்போது அந்த இருவருக்கும் பின்னால் அவர்தான் மூன்றாமவர்.