நாலு செடியும் ஒரு கைப்பிடி உப்பும்

ஸ்கார்பரோ, டொரன்டோ
புரட்டாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். நீங்கள், சித்தி, தாத்தா, பட்டி ஆடுகள் எல்லாரும் நலமா? ஆடுகளையும் சேர்த்து விசாரிப்பதற்குக் காரணம் உண்டு. அவற்றை விற்றுவிட்டு அந்தப் பணத்தில் உர மூட்டை இறக்கப் போவதாக அம்மா போனில் சொன்னாள். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது கஞ்சா என்று வருகிற இடத்தில் எல்லாம் தக்காளி என்று மாற்றிப் படித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவள் அடுத்த பஸ் பிடித்து ஜமுனாமரத்தூர் போய், போலீஸ் ஸ்டேஷனில் 'என் பிள்ளை அப்பாவி' என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்புவாள்.

விஷயம் இதுதான். நான் குடியிருப்பது ஒரு வீட்டின் பேஸ்மென்ட். நம் ஊர்க் குதிரின் வாய் அளவு ஜன்னல், அதன் வழியாகத் தெரிவது புல்லின் வேர். மேலே வீட்டுக்காரப் பெரியவர் இருக்கிறார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டிவிட்டார். மே மாதக் கடைசியில் ஒருநாள் கொல்லையில் நாலு துணித் தொட்டிகளை வரிசையாக வைத்து, துளசி மாடத்துக்கு ஊற்றுகிற பக்தியோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்ன செடி என்று கேட்டேன். சொன்னார். நான் அப்படியே வேலி ஓரமாகப் பின்வாங்கி, தெருவில் ஜீப் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

நம் நாட்டில் 1985-ஆம் வருஷச் சட்டப்படி இந்தச் செடியை வளர்த்தால் பத்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். இங்கே 2018 அக்டோபர் 17 முதல் வயது வந்தவர்கள் இருக்கிற வீட்டுக்கு நாலு செடி வளர்த்துக்கொள்ளலாம். கவனியுங்கள், ஆளுக்கு நாலு இல்லை, வீட்டுக்கு நாலு. ரேஷன் கார்டு கணக்குத்தான். விதையை மாகாண அரசே விற்கிறது. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் மட்டும் வீட்டில் ஒரு செடிகூட ஆகாது. அந்தத் தடை செல்லும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஒரே நாடு, ஆற்றுக்கு இந்தப் பக்கம் பூச்செடி, அந்தப் பக்கம் குற்றம்.

நான் அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை, நம்புங்கள். பெரியவருக்கே முழங்கால் வலிக்குத்தான். ஆவணியில் பூ விட ஆரம்பித்ததும் அடித்த வாசனை இருக்கிறதே! இங்கே ஸ்கங்க் என்று ஒரு பிராணி உண்டு, நம் மரநாய் மாதிரி. பயந்தால் பின்பக்கத்தால் பீய்ச்சும். ஒரு வாரம் நான் அந்தப் பிராணியைத் தேடி டார்ச்சோடு கொல்லை முழுக்கச் சுற்றினேன். கடைசியில் பார்த்தால் செடி.

ஆனால் நான் எழுத வந்தது செடியைப் பற்றி இல்லை, மண்ணைப் பற்றி.

நான் மலையில் சாமை விதைக்கிற குடும்பம் என்று தெரிந்ததும் பெரியவர் என்னை வேளாண்மை அதிகாரி ஆக்கிவிட்டார். அவர் தொட்டியில் போட்டிருந்த மண்ணைப் பார்த்தால் நீங்கள் அழுதுவிடுவீர்கள். மட்கிய எரு, மண்புழு எரு, கடல்பாசித் தூள், எலும்புத் தூள், குதிரைமசால் தூள். மூட்டை விலையை ரூபாயில் போட்டுப் பார்த்தேன், அந்தக் காசுக்கு நம் மேட்டுக்காட்டில் ரெண்டு போகம் எடுக்கலாம். 'தண்ணீர் ஊற்றினால் போதும், வேறெதுவும் வேண்டாம்' என்று சொல்லி விற்கிற மண். ஜூலைக் கடைசியில் அடி இலைகள் மஞ்சளாயின. பெரியவருக்குப் பொறுக்கவில்லை. கடைக்குப் போய் நீல நிறத்தில் ஒரு டப்பா உர உப்பு வாங்கி வந்துவிட்டார். இருபது-இருபது-இருபது. நம் ஊரில் பதினேழு-பதினேழு-பதினேழு மூட்டை வருமே, அதன் பணக்காரத் தம்பி.

அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அம்மாள் தெருவைக் கடந்து ஓடி வந்தார். அவர் எதற்கும் இயற்கைதான். கத்தரிக்காய்க்குக்கூட கடையில் ஒரு துளி வாங்கி ஊற்றமாட்டார். 'இதைப் போட்டால் மண்ணில் இருக்கிற உயிர் எல்லாம் செத்துவிடும்!' என்றார். 'இலை செத்துக்கொண்டிருக்கிறதே, அதற்கென்ன வழி?' என்று இவர். எனக்குப் புல்லரித்துவிட்டது சித்தப்பா. பதிமூவாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து, உங்களுக்கும் தாத்தாவுக்குமான சண்டையை இங்கிலீஷில் கேட்டேன். 'உப்பு போட்ட நெலம் பீங்கான் தட்டு மாதிரிடா, துடைச்சாப் போச்சு' என்று தாத்தா திண்ணையில் உட்கார்ந்து சொல்வதும், நீங்கள் லாம்ப் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து பைக்கில் யூரியா மூட்டையோடு ஏறி வருவதும் கண்ணில் நின்றன. அந்த அம்மாளுக்கு ஒரு கோவணம் கட்டாத குறை; மற்றபடி தாத்தாதான்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் யார்? சாமைக்காட்டு வாரிசு. டப்பாவில் நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் என்று போட்டிருந்தது. டீஸ்பூனாம்! நாம் என்றைக்குச் சித்தப்பா உரத்தை ஸ்பூனில் அள்ளினோம்? நம் ஊர்க் கையால் ஒரு கைப்பிடி அள்ளி வாளியில் கரைத்து முதல் தொட்டிக்கு ஊற்றினேன். நல்லவேளை, மற்ற மூன்றுக்கும் ஊற்றுவதற்குள் வேலைக்கு நேரமாகிவிட்டது.

மூன்றாம் நாள் இலை நுனி எல்லாம் பீடியால் சுட்ட மாதிரி பழுப்பு. இலைகள் கழுகு நகம் போலக் கீழே வளைந்துவிட்டன. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தொட்டியில் ஒரு குச்சியை நட்டு, அட்டையில் என் பெயரை எழுதிக் கட்டினார். இன்றுவரை அந்த அட்டை இருக்கிறது.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்து படித்தேன். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. எரு என்பது அரிசி, உப்பு என்பது சோறு. எருவில் இருக்கிற தழைச்சத்தை வேர் நேராகச் சாப்பிட முடியாது. மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதை வேகவைத்து வடித்துக் கொடுக்க வேண்டும். அதற்குச் சூடு வேண்டும், ஈரம் வேண்டும், நாள் வேண்டும். உப்பு வடித்த சோறு. ஊற்றிய உடனே வேருக்குக் கிடைக்கும். அதனால்தான் மஞ்சள் இலைக்கு உப்பு சீக்கிரம் கேட்கிறது, எரு கேட்பதில்லை. சோறு அளவோடு போட்டால் சமையல்காரன் செத்துவிடமாட்டான். இந்த இடத்தில் எதிர்வீட்டு அம்மாளும் தாத்தாவும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள். ஆனால் ஒன்று உண்மை. வேரோடு ஒட்டி வாழ்கிற ஒரு பூஞ்சணம் இருக்கிறது. தூரத்திலிருந்து மணிச்சத்தைத் தேடிக்கொண்டு வந்து செடிக்குக் கொடுத்துவிட்டுச் சர்க்கரையைக் கூலியாக வாங்கிக்கொள்ளும். வாசலிலேயே மணிச்சத்தைக் கொட்டினால் செடி அந்தக் கூலிக்காரனைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடும். செலவு செய்து உயிருள்ள மண் வாங்கி, அதை வேலையில்லாமல் உட்கார வைப்பதுதான் மிச்சம்.

என் செடி கருகியது வேறு காரணத்தால். மாங்காய்க்கு உப்பு போட்டால் என்ன ஆகிறது? மாங்காய் தண்ணீர் விடுகிறது. வேரைச் சுற்றி உப்பு ஏறினால் வேரால் தண்ணீர் இழுக்க முடியாது. தொட்டி நிறைய ஈரம் இருந்தும் செடிக்கு விக்கல். காட்டில் நீங்கள் கை தாராளமாகப் போட்டாலும் ஒரு மழை அதைக் கீழே கொண்டு போய்விடும். நம் சரிவில் அது எங்கே போகிறது என்பது வேறு விஷயம். நம் காசு ஓடையில் போகிறது. தொட்டிக்கு ஓடை கிடையாது. போட்டது போட்ட இடத்திலேயே இருக்கும். அதனால் நாற்பது லிட்டர் தொட்டிக்கு நூற்றிருபது லிட்டர் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிக் கழுவினேன். உப்பு போனது. கூடவே, காசு கொடுத்து வாங்கிய மண்ணில் கரைந்திருந்த நல்ல சத்தும் போனது. பிறகு மண்புழு எருவை மேலே தூவிவிட்டுக் காத்திருந்தேன்.

தாத்தாவிடம் சொல்லுங்கள்: இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843-லிருந்து ஒரே நிலத்தில் கோதுமை போட்டுப் பார்த்து வருகிறார்கள். ஆரம்பித்து வைத்தவரே ஓர் உர வியாபாரி! அங்கே வெறும் உப்பு மட்டும் தின்ற துண்டு இன்னும் சாகவில்லை, விளைகிறது. உங்களுக்கு ஒன்று: வருஷம் தவறாமல் எரு தின்ற துண்டில் மண்ணின் மக்குச் சத்து, ஒன்றுமே போடாத துண்டைப்போல ரெண்டு மடங்குக்கும் மேல். எருவும் போட்டு அளவாக உப்பும் போட்ட துண்டு எல்லாவற்றையும் முந்தும். அவ்வளவு தூரம் போவானேன், கோயம்புத்தூரில் 1909-லேயே இதே மாதிரிப் பரிசோதனை தொடங்கிவிட்டார்கள். ஜெர்மனியில் ஹேபர் காற்றிலிருந்து அம்மோனியா செய்து காட்டியதும் அதே 1909-தான். அங்கே காற்றிலிருந்து உப்பு செய்ய வழி பிறந்த வருஷமே இங்கே உப்புக்குப் பரீட்சை வைத்துவிட்டார்கள்.

வேலையில் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் இருக்கிறார். உரத்தைப் 'பசளை' என்பார். கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டுச் சொன்னார்: 'தம்பி, நீர் ஒரு செடியைத்தான் எரிச்சனீர். எங்கட நாட்டில 2021-ல ஒரே அடியா உப்புப் பசளை வரக்கூடாதெண்டு நிப்பாட்டினவை. நெல்லு படுத்துட்டுது. அந்த வருசம் முடியமுன்னம் தடையைத் திருப்பி எடுத்தவை.' ஒருவன் ஒரேயடியாகக் கொட்டுகிறான், ஒருவன் ஒரேயடியாக நிறுத்துகிறான். ரெண்டு பேருக்கும் டீஸ்பூன் பிடிக்கவில்லை.

என் பெயர் கட்டிய செடி பிழைத்துவிட்டது. மற்ற மூன்றின் இடுப்பு உயரம்தான். அடுத்த வருஷத்துக்குப் பெரியவரும் எதிர்வீட்டு அம்மாளும் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்: முதலில் எரு மண், இலை மஞ்சளானால் மட்டும், டப்பாவில் சொன்னதில் பாதி அளவு உப்பு. ஸ்பூன் அந்த அம்மாள் கையில் இருக்கும். நான் பக்கத்திலேயே வரக்கூடாது.

இப்போது ஆட்டு விஷயம். போன வருஷம் கீழ்க்காட்டில் யூரியா கூடிப்போய்ச் சாமை தண்டு நீண்டு, கதிர் பிடிக்கிற நேரத்தில் படுத்துக்கொண்டதே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நீங்கள் காற்றைத் திட்டினீர்கள். நான் தொலைவில் இருந்துகொண்டு காவலூர் தொலைநோக்கியில் பார்க்கிற மாதிரி பேசுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். யூரியா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் சரிவில் எரு இல்லாத மண் அதைப் பிடித்துவைக்காது. அந்த எருவை மலை ஏற்றி வர வண்டி வாடகை யார் கொடுப்பது? ஆடு தானே நடந்து வந்து போட்டுவிட்டுப் போகிறது.

நான் சித்திரையில் வருகிறேன். டிக்கெட் போட்டாகிவிட்டது. மேட்டுக்காட்டில் பத்து ராத்திரி பட்டி போட்டுப் பார்ப்போம். அதுவரை ஆட்டை விற்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்

பி.கு.: சித்தி கேட்ட சாக்லேட் உண்டு. தம்பி கேட்ட தக்காளி கிடையாது. இந்த நாட்டு எல்லையைத் தாண்டி அதைக் கொண்டு போவது இங்கேயும் குற்றம்தான்.