மோட்டார் தைல பரிவர்த்தன கால நிர்ணயம்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்று திரும்புகிற சாமானிய மோட்டார் வண்டி ஒன்றின் என்ஜினுக்குள் கிடக்கும் தைலத்தை எத்தனை காலத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்கிற கேள்வி, மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஒரு மெக்கானிக்கிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளக்கூடிய அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் தீர்ந்துபோகக்கூடிய கேள்விகளில் வித்வான்கள் கைவைப்பதில்லை ஆதலின், இதைத் தீராததாக்குவதே இவ்வாராய்ச்சியின் முதற் பிரயோஜனம் என்று கொள்க.

முதற்கண் பதவிசாரம். எண்ணெயென்பது எள்ளின் நெய். என்ஜினில் ஊற்றுவதில் எள் கிடையாது. சனிக்கிழமை நீராடும்படி ஆத்திசூடியில் ஔவை பணித்தது வாராந்தர ஆயில் மாற்றத்தையே என்றும், எனவே மோட்டார் வண்டி ஆதியில் நம்முடையதே என்றும் நிறுவ இடமுண்டு. இதனினும் மெல்லிய நூலால் இதனினும் பெரிய யானைகளைக் கட்டியவர்களுக்கு மேடையும் பொன்னாடையும் கிடைத்திருக்கின்றன.

டப்பாவின்மேல் 5டபிள்யூ-30 என்று பொறித்திருப்பதில் டபிள்யூ என்னும் அட்சரம் குளிர்காலத்தைக் குறிக்கும். செங்கற்பட்டில் அதற்கு உதாரணம் கிடைப்பது அரிது.

கால நிர்ணயத்தில் மதங்கள் மூன்று. 5,000 கிலோமீட்டர் மதத்தினர் பழைய மினரல் ஆயில் காலத்து ஆசாரசீலர்கள். 10,000 மதத்தினர் கம்பெனிக் கையேட்டையே வேதமாகக் கொண்டவர்கள். மூன்றாமவர், திருக்கழுக்குன்றத்துச் சங்கு தீர்த்தத்தில் 12 ஆண்டுக்கு ஒரு முறை சங்கு பிறப்பதை முன்மாதிரியாகக் கொண்டவர்கள். இவர்களுடைய வண்டிகளைக் கயிறு கட்டி இழுத்துப்போகக் காணலாம்.

கையேட்டு வாக்கியமாவது: 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், இவற்றுள் எது முந்துகிறதோ அது (காண்க: முன்னிருக்கைப் பெட்டி, இன்ஷூரன்ஸ் தாளுக்கு அடியில், கரப்பான் அரித்த ஏடு). இங்கே 'அல்லது' என்பது விகல்பமா, சமுச்சயமா என்ற மீமாம்சைக்குள் புகுந்து, பிந்துவதையே முந்துவதாகப் பொருள்கொண்ட வண்டிச் சொந்தக்காரர்களும் உளர் (கொளவாய் ஏரிக்கரை டீக்கடைப் பாடம், இரண்டாம் டம்ளர் ஆறிய பிறகு சேர்ந்த இடைச்செருகல் நீங்கலாக). உண்மையில் தூரம் உழைப்புக்குக் கணக்கு, மாதம் முதுமைக்குக் கணக்கு. கறிகாய் வாங்குவதற்காக 2 கிலோமீட்டர் போய் அணைக்கப்படுகிற வண்டியில் என்ஜின் நன்றாகச் சூடேறுவதே இல்லையாதலால், பெட்ரோல் எரிந்து பிறந்த நீராவி வெளியேறாமல் தைலத்திலேயே தங்கி அதைச் சிறுகச் சிறுகக் கெடுக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் இரவில் பரனூர்ச் சுங்கச்சாவடியில் நிற்கும் வண்டியோ ஓடாமலே உழைக்கிறது, மீட்டருக்கு அது தெரியாது. தைலம் கறுத்தது கெட்டதற்கு அடையாளமும் அன்று: கரியைப் படியவிடாமல் தானே ஏந்திக்கொள்ளும்படி அதில் மருந்து கலந்திருப்பதால், கறுப்பது அது வேலை செய்வதற்கே சாட்சி.

இனி நமது பிரதான சான்றுக்கு வருவோம். அடியேனுடைய வண்டியின் முன்கண்ணாடி மூலையில், மெக்கானிக் ஒட்டிய வட்ட வடிவான காகித சாசனம் ஒன்று உளது. அதில் 'அடுத்த ஆயில்' என்பதன் கீழ் 4, சிதைந்ததோர் இலக்கம், பின்னர் 200 என்று காண்கிறது. சிதைந்தது 3 எனில் 43,200. 8 எனில் 48,200. மீட்டரோ 45,900 காட்டுகிறது. ஆகவே அடியேன் பாவியா புண்ணியவானா என்பது அரை வட்டம் ஒன்றில் தொங்குகிறது. முன்னர் மாற்றியது 38,200-இல் என்பது பில்லால் பெறப்படும். எனவே மெக்கானிக் 5,000 மதத்தவராயின் இலக்கம் 3, 10,000 மதத்தவராயின் 8. அவர் எந்த மதத்தவர் என்பதை அறிய ஒரே ஆதாரம் அந்த இலக்கம். சாசனத்தின் தேதியில் இன்னொரு 3 இருந்திருக்கலாம். அவ்விடத்தில் ஆசிரியரின் பெருவிரல் முத்திரை பதிந்து எழுத்தை விழுங்கிவிட்டது. இதற்காக யாரும் சோர்வடைய வேண்டியதில்லை. இதே சாலையின் கடைசியில் ஒரே பாறையை அர்ஜுனன் தபசு என்றும் பகீரதன் தபசு என்றும் இரு கட்சியார் பிரித்து அனுபவித்து வருகிறார்கள். தர்மராஜ ரதத்தில் பொறித்த அத்யந்தகாமன் என்னும் விருது எந்தப் பல்லவனுடையது என்பதில் எத்தனையோ பேர் ஜீவனம் செய்திருக்கிறார்கள். அந்தத் தபசுப் பாறையிலேயே தவம் செய்யும் பூனை மட்டும் எக்கட்சியிலும் சேராமல், எலிகள் சூழ, ஆராய்ச்சியாளருடைய முகபாவத்துடன் நிற்கிறது.

எழுதியவரையே கேட்டுவிடலாமே என்பர் பாமரர். ஆசிரியர் உயிரோடிருப்பது எந்த நூலுக்கும் பெரிய இடையூறு. அவர் இறந்து ஆயிரம் வருஷமாவது கழிந்தால்தான் அவர் கருத்து இன்னதென்று நிச்சயமாகச் சொல்ல முடியும். ஆயினும் பூர்வபக்ஷத்துக்கும் இடமளிக்க வேண்டும் என்ற பெருந்தன்மையால் பட்டறைக்குச் சென்றேன்.

"மூணா, எட்டா?" என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் பானட்டைத் தூக்கி, டிப் ஸ்டிக்கை உருவி, பழந்துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினார். "கீழ்க் கோட்டுக்கும் கீழ இறங்கிடுச்சு சார். இதைப் பாக்காம அதை என்னாத்துக்குப் படிச்சிட்டு இருந்தீங்க?"

பிறகு அடியில் படுத்து ட்ரெயின் நட்டைக் கழற்றிச் சேம்பரைக் காலி செய்தார். பில்டரையும் வாஷரையும் மாற்றினார். கழிவு ஆயிலைக் கரையானுக்கு மரத்தில் பூச என்று ஒருவர் வாங்கிப் போனார். புது ஆயில் ஊற்றி முடித்ததும், நான் தடுப்பதற்குள், மூலப்பிரதியை நகத்தால் சுரண்டி உருட்டி எறிந்துவிட்டுப் புதிய வில்லை ஒன்றை எடுத்தார். கையைத் துடைக்காமலே எழுதினார்.