அதெல்லாம் ஒரு மலையா சார்?

கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்குப் போய்வந்து இரண்டு முட்டியும் விண்விண்ணென்று தெறிக்கிறது. குருபரப்பள்ளியில் எங்கள் கம்பெனி கேன்டீனில் எதிரே உட்கார்ந்து பொங்கலில் மிளகு பொறுக்கிக்கொண்டிருந்த பையன் கேட்கிறான்: “அதெல்லாம் ஒரு மலையா சார்? சாவனதுர்கா ஏறியிருக்கீங்களா?”

எந்த மலை உண்மையிலேயே கஷ்டம் என்பதில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. பிறகு சொல்கிறேன். அதற்குமுன் இப்படிக் கேட்கிற கூட்டத்தை ஒரு கை பார்த்தாக வேண்டும்.

நந்தி ஹில்ஸ் போனேன் என்றால் ஸ்கந்தகிரி போனவன் சிரிப்பான். நந்திக்குத்தான் உச்சிவரை கார் போகிறதே. ஸ்கந்தகிரிக்காரனை சாவனதுர்கா ஏறியவன் மதிப்பதில்லை. அவன் மார்தட்டினால் குமார பர்வதா போனவன், “குக்கேல இருந்து பட்டர் வீடு வரைக்கும் வா மச்சா, அப்புறம் பேசலாம்” என்று தோளைத் தட்டுவான். அவன் வாயை அடைக்கவென்றே மார்க்கெட்டிங்கில் ஒருவர் கேதார்கந்தா போய்வந்திருக்கிறார். டிசம்பர் பனியில் கறுப்புக் கண்ணாடியோடு எடுத்த படம்தான் இன்றுவரை அவருடைய வாட்ஸ்அப் முகம். இங்கே சித்திரை வெயிலில் தார் உருகும்போதும் அவருக்கு மட்டும் பனி பெய்யும். அவருக்கும் மேலே எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போன எச்ஆர் மேடம். 5,364 மீட்டர். அவரோடு யாரும் மோதுவதில்லை, லீவுக்கு அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். “பேஸ் கேம்ப்னா அடிவாரம்தானே மேடம்?” என்று கேட்ட லைன் லீடர் இப்போது நிரந்தர நைட் ஷிஃப்டில் இருக்கிறார். சரி, எவரெஸ்டையே ஏறி இறங்கினால்? விடுவார்களா! “கே2 ஹைட் 8,611தான், ஆனா எவரெஸ்டைவிட டஃப்” என்று ஆரம்பிப்பார்கள். அந்த கே2 ஏறிய மகராசனே நம் கேன்டீனுக்கு வரட்டும். தட்டு எடுக்கிற அண்ணன் நிதானமாகக் கேட்பார்: “வெள்ளியங்கிரி ஏழு மலை வெறுங்கால்ல போயிருக்கியா தம்பி?” அந்த அண்ணனிடம் பர்வதமலைக் கடப்பாரைப் படியைப் பற்றி எடுத்துச்சொல்ல போளூரிலிருந்து ஒருத்தர் வராமலா போவார்?

இதற்கெல்லாம் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள். பாதைகளை டி1 முதல் டி6 வரை பிரித்து, பாறையிலேயே கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் நிதானமாகப் போகலாம். நடுவில் நீலம் வந்தால் என்னைப் போன்றவர்கள் திரும்பிவிட வேண்டும். நம் வனத்துறையும் 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து எளிது, மிதம், கடினம் என்று பிரித்தது. எளிது யாருக்கு என்பதையும் ஒரு வரி போட்டிருக்கலாம். வயது, எடை, மாடிக்கு லிஃப்டில் போகிறவரா என்றெல்லாம் கேட்டுவிட்டல்லவா தரம் பிரிக்க வேண்டும்?

அந்தப் பையனின் சாவனதுர்காவுக்கே வருகிறேன். மூன்றாம் மைசூர்ப் போர். 1791 நவம்பரில் மாக்ஸ்வெல் என்கிற ஆங்கிலேய அதிகாரி படையோடு கிருஷ்ணகிரிக்கு வந்தார். கீழே பேட்டையைப் பிடித்தாயிற்று. மேல்கோட்டைக்கு ஏறும்போது திப்புவின் ஆட்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். பட்டாளம் ஆட்களைப் பறிகொடுத்துவிட்டு இறங்கிப் போனது. அடுத்த மாதமே, டிசம்பர் 21 அன்று, காரன்வாலிஸின் படை சாவனதுர்காவில் ஏறிக் கோட்டையைப் பிடித்துவிட்டது. யாராலும் பிடிக்க முடியாது என்று பேர் வாங்கியிருந்த கோட்டை அது! ஆக, பீரங்கியும் சம்பளமும் வாங்கிக்கொண்டு வந்தவர்களே சாவனதுர்கா ஏறினார்கள், கிருஷ்ணகிரி ஏறவில்லை. ஆதாரத்தோடு சொன்னேன். பையன் டீயை ஆற்றியபடியே, “அது அப்போ சார். இப்பதான் படி இருக்கே” என்றான்.

படி! அந்தப் படிக்கட்டை ஒருநாள் இவன் என் முட்டியோடு இறங்கிப் பார்க்க வேண்டும். 1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மலை நடைக்கு ஒரு கணக்குப் போட்டார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். உலகம் முழுக்க இன்றும் அந்தக் கணக்கில் நடக்கிறார்கள். இறக்கத்துக்கு அதில் ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. மனிதருக்கு முட்டியே வலித்ததில்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மலை ஏறுகிற நடுவயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: திங்கட்கிழமை நொண்டிக்கொண்டு போகும்போது யாராவது காரணம் கேட்டால், பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.