ஒரிஜினல் சித்தி

எல்லா அடுக்ககத்திலும் ஒரு ஒரிஜினல் சித்தி உண்டு. எங்களுடையவர் நங்கநல்லூரில் இருக்கிறார். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கள்ள நோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்த அதே விரல்கள் இப்போது கைப்பைகளைத் தடவிப் பார்க்கின்றன.

தொழில் இதுதான். அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளை, அம்மாவுக்கு டிசைனர் கைப்பை ஒன்று வாங்கி வருவான். “எதுக்குடா இவ்ளோ செலவு” என்று அம்மா அவனைத் திட்டுவார். பிறகு அதைப் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்து இரண்டு அந்துருண்டையும் போட்டு பீரோவைப் பூட்டிவிடுவார். கோயிலுக்குப் போகத்தான் மஞ்சள் பை இருக்கிறதே! மூன்று வருடம் கழித்து அது பிள்ளைக்குத் தெரியாமல் சித்தியின் கைக்கு வரும். ஆன்லைனில் விற்றுக் கொடுத்தால் சித்திக்கு நூற்றுக்குப் பத்து.

பை வந்ததும் சித்தி பூதக்கண்ணாடியை எடுப்பார். நான் பார்த்த அன்று அவர் மடியில் இருந்தது பிரான்சுக்காரருடைய பை. பெயர் சொல்ல மாட்டேன். இரண்டெழுத்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்குமே, அவர்தான். உள்பக்கம் தையலோரத்தில் பொடி எழுத்தில் ஒரு எண் இருந்தது.

“4128. மொதலும் மூணாவதும் வாரம், ரெண்டாவதும் நாலாவதும் வருஷம். 2018, 42-வது வாரம். அக்டோபர் நடுவுல, ஐப்பசி பொறக்கிற நேரம்.”

நட்சத்திரமும் பாதமும் சொல்வாரோ என்று காத்திருந்தேன். 2021-லிருந்து அந்தக் கம்பெனி இப்படி எண் அச்சடிப்பதை நிறுத்திவிட்டு உள்ளே ஒரு சில்லு வைக்கிறதாம். “ஜாதகமே இல்லாம பொறக்குதுங்க இப்போ” என்று அலுத்துக்கொண்டார்.

எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “பின்பக்கம் எழுத்து தலைகீழா இருக்கே, டூப்ளிகேட்டா?” என்று கேட்டார். ஒரிஜினல் சித்திகளிடம் கேட்கக் கூடாத கேள்வி இது. அடியில் வெட்டாமல் ஒரே துணியை மடித்துத் தைத்த பை அது. முன்பக்கம் எழுத்து நேராக இருந்தால் பின்பக்கம் தலைகீழாகத்தான் வரும். ரெண்டு பக்கமும் நேராக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இதைச் சித்தி இருபது நிமிடம் விளக்கினார். கேட்டவருக்கு அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

இவ்வளவு ஞானமும் இருந்து என்ன, விற்கத்தான் முடியவில்லை. பிராண்டு பெயரை எழுதினாலே சந்தைத் தளங்களின் இயந்திரம் முழித்துக்கொள்கிறது. அதனால் சித்தியின் வாட்ஸ்அப் குழுவில் யாரும் பெயரை எழுதுவதில்லை. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாதென்று ‘மயில்மேல போறவரு’ என்று சாடை காட்டிய பாட்டிமாரின் பேத்திகள் அல்லவா! ‘நம்ம இத்தாலிக்காரர் ஒண்ணு வந்திருக்கு’, ‘ரெண்டெழுத்துக்காரர், பழுப்பு, கைப்பிடி கொஞ்சம் கறுத்திருக்கு’ என்று எழுதிக்கொள்கிறார்கள். படத்தில் பெயர் இருக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து மறைப்பது இன்னொரு வழி. சில படங்களில் கட்டைவிரல்தான் தெளிவாக இருக்கும்.

சித்தி இதற்கெல்லாம் மசியமாட்டார். “ஒரிஜினலை எதுக்கு ஒளிச்சு விக்கணும்?” என்று, அன்று மடியில் இருந்த, மகள் நியூஜெர்சியிலிருந்து வாங்கி வந்த தன் சொந்தப் பையை, முழுப் பெயரோடு ஒரு பெரிய தளத்தில் ஏற்றினார். நாற்பது நிமிடத்தில் அது காணாமல் போயிற்று. இந்தப் பிராண்டை விற்க உரிமையாளரின் அனுமதிக் கடிதம் வேண்டும், இல்லையென்றால் கொள்முதல் ரசீது வேண்டும் என்று மின்னஞ்சல் வந்தது.

“உரிமையாளர் நான்தானே? நானே எனக்குக் கடிதம் எழுதிக்கறதா?” என்றார் சித்தி.

ரசீது இருந்தது. ஆனால் அது மிஷினில் கிர்ரென்று வரும் வழவழத்தாள். சென்னை வெயிலில் எழுத்தெல்லாம் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. மிச்சத்தைக் காப்பாற்ற, லேமினேட் செய்யச் சொல்லித் தெருமுனை ஜெராக்ஸ் கடைப் பையனிடம் கொடுத்தார். வெள்ளையாக உள்ளே போன ரசீது மறுபக்கம் அமாவாசையாக வெளியே வந்தது. “சூடு பட்டா கறுக்கிற பேப்பர் ஆன்ட்டி இது” என்றான் பையன். லேமினேஷனுக்கு இருபது ரூபாயும் வாங்கிக்கொண்டான். சித்தி அந்தக் கறுப்பையும் படம் பிடித்து அனுப்பினார். தெளிவாக இல்லை என்று பதில் வந்தது. அதில் பொய் ஒன்றுமில்லை.

அடுத்து கார்டு ஸ்டேட்மென்ட். அது மாப்பிள்ளை பெயரில் இருந்தது. மாப்பிள்ளைக்கும் சித்திக்கும் உள்ள உறவை நிரூபிக்கக் கல்யாணப் பத்திரிகையை ஸ்கேன் செய்து அனுப்பினார், மஞ்சள் தடவிய மூலைகளோடு. ஆவணம் ஏற்கப்படும் மொழியில் இல்லை என்று பதில் வந்தது.

அதற்கப்புறம்தான் சித்தி சட்டம் படிக்க ஆரம்பித்தார். 1999-ஆம் வருட வர்த்தகக் குறிச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு அவருக்கு இப்போது மனப்பாடம். முறைப்படி வாங்கிய அசல் பொருளை மறுபடி விற்றால் அது குறியை மீறியதாகாது. வெளிநாட்டில் வாங்கி வந்ததற்கும் இது பொருந்தும் என்று 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சாம்சங் பிரின்டர் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் அடுத்த உட்பிரிவில் ஒரு முள் இருக்கிறது. சந்தைக்கு வந்தபின் பொருளின் நிலை மாறியிருந்தால் கம்பெனி ஆட்சேபிக்கலாம். அந்துருண்டை வாசனை நிலை மாற்றத்தில் சேருமா என்று என்னிடம் கேட்டார். தீர்ப்பு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

தளங்கள் ஏன் இப்படிப் பயப்படுகின்றன? அமெரிக்காவில் டிஃபனி நகைக் கம்பெனி ஈபே மீது 2004-ல் வழக்குப் போட்டது. போலிகள் நடமாடுவது பொதுவாகத் தெரிந்திருந்தது என்பதற்காக ஈபேயைப் பொறுப்பாக்க முடியாது, எந்தப் பட்டியல் போலி என்று குறிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும் என்றது 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம். தளத்துக்கு வெற்றிதான். ஆனால் சுட்டிக்காட்டிய பிறகும் விட்டுவைத்தால் மாட்டிக்கொள்ளலாம் என்ற பாடமும் அதில் இருந்தது. பிறகு யார் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்? சந்தேகமா, தூக்கு. என் கணக்கில் இது நியாயமில்லை. ஆனால் சித்தியைப்போல ஒருவரை இழப்பதில் தளத்துக்குக் காலணா நஷ்டமில்லை. தெருவோரம் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று கூவி விற்பவனிடம் யாரும் கடிதம் கேட்பதில்லை என்பதுதான் சித்தியின் வயிற்றெரிச்சல்.

கடைசியில் பை விற்கவில்லை. போன வாரம் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சித்தி காய்கறி வாங்கக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். ஐப்பசியில் பிறந்த அந்தப் பைக்குள் முருங்கைக்காய் நுழையவில்லை. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“பை நல்லாருக்கேம்மா. பர்மா பஜாரா?”

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இருபது நிமிடமாவது ஆகும்.

“ஆமாம்ப்பா, பர்மா பஜார்தான்” என்றார் சித்தி.

கடைக்காரர் ஒரு பிடி கறிவேப்பிலையும் நாலு பச்சை மிளகாயும் அள்ளிப் பைக்குள் போட்டார். தெருமுனை திரும்பியதும் சித்தி என் பக்கம் சாய்ந்து சொன்னார்: “ஒரிஜினல்னு சொல்லிருந்தா கொசுறு குடுத்திருப்பானா?”